வணிக மேற்படிப்பு: எந்தப் பெயரை நம்பிச் சேர்வது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் நாளிதழின் கல்விப் பக்கத்தில் வெளிவரும் உலகப் பல்கலைக்கழகத் தரவரிசைப் பட்டியல்களை நான் தவறாமல் படித்து வருகிறேன். அந்தப் பட்டியல்களை வெட்டி வைத்துக்கொண்டு, வணிகத்தில் முதுநிலைப் படிப்புக்கு எங்கே விண்ணப்பிப்பது என்று முடிவு செய்யும் இளைஞர்கள் பலரையும் அறிவேன். இரண்டு இடங்களில் அனுமதி கிடைத்தவர்கள் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கிறது. ஓரிடம் உலகமே அறிந்த பல்கலைக்கழகம், ஆனால் இந்தக் குறிப்பிட்ட படிப்பில் அதற்குப் பெரிய பெயர் இல்லை, மற்றோர் இடம் துறைக்கு வெளியே அதிகம் கேள்விப்படாதது, ஆனால் அந்தப் படிப்பில் அதுவே முன்னணி, எதில் சேர்வது? நிறுவனங்களில் ஆள் தேர்வுப் பொறுப்பை நெடுங்காலம் வகித்தவன் என்ற முறையில், இந்தக் கேள்விக்குப் பொதுவெளியில் கிடைக்கும் விடைகள் மாணவர்களைத் தவறான பக்கம் திருப்பிவிடுகின்றன என்ற கவலை எனக்கு உண்டு. அதனால்தான் இக்கடிதம் சற்று நீண்டுவிட்டது, பொறுத்தருள வேண்டுகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நிதி, தரவுப் பகுப்பாய்வு, விநியோகச் சங்கிலி மேலாண்மை (மூலப்பொருள் கொள்முதல் முதல் பொருளை வாடிக்கையாளரிடம் சேர்ப்பது வரையிலான நிர்வாகம்) என ஏதேனும் ஒரு துறையை மட்டும் மையமாகக் கொண்ட முதுநிலைப் படிப்புகளில், அந்தப் படிப்புக்குத் துறைக்குள் இருக்கும் பெயரையே முதலில் பார்க்க வேண்டும். பல்கலைக்கழகத்தின் பொதுப்புகழ், மற்றவை எல்லாம் ஏறத்தாழ ஒத்திருக்கும்போது முடிவைத் தீர்மானிக்கலாம். அதற்கு மேல் அதற்கு இடம் கொடுக்கக் கூடாது. எம்.பி.ஏ. படிப்பின் நிலை வேறு. அதைத் தனியாகச் சொல்கிறேன்.

இந்த இரண்டு பெயர்களும் எவ்வளவு தூரம் விலகி நிற்கக்கூடும் என்பதைப் பலர் உணர்வதில்லை. நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம் என்னும் அரசுப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பாரூக் கல்லூரியை எந்தப் பொதுவான உலகத் தரவரிசையின் முன்வரிசையிலும் காண முடியாது. ஆனால் நிதிச்சந்தைக் கணக்குகளுக்குக் கணிதத்தையும் நிரலாக்கத்தையும் பயன்படுத்தக் கற்பிக்கும் நிதிப் பொறியியல் முதுநிலைப் படிப்புகளுக்கென்றே தயாரிக்கப்படும் குவான்ட்நெட் தரவரிசையில், அக்கல்லூரியின் படிப்பு பல ஆண்டுகளாகப் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகப் படிப்போடு முதல் சில இடங்களுக்குள் நிற்கிறது. பிரின்ஸ்டனில் வணிகப்பள்ளி, அதாவது வணிக, மேலாண்மைப் பட்டப்படிப்புகளுக்கென்றே உள்ள உயர்கல்விப் பிரிவு, கிடையாது என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். அங்கே நிதி முதுநிலைப் படிப்பை நடத்துவது பெண்ட்ஹைம் நிதி மையம். ஆகவே சிறந்த வணிகப்பள்ளிகளின் பட்டியலை மட்டும் கையில் வைத்துக்கொண்டு தேடும் மாணவர், இத்துறையின் மிக வலுவான படிப்புகளில் ஒன்றைத் தவறவிட நேரும்.

ஐரோப்பாவில் இந்த விலகல் இன்னும் தெளிவாகத் தெரிகிறது. சுவிட்சர்லாந்தின் செயின்ட் காலன் பல்கலைக்கழகம், ஃபைனான்ஷியல் டைம்ஸ் நாளிதழின் மேலாண்மை முதுநிலைப் படிப்புகளுக்கான தரவரிசையில் 2011 முதல் தொடர்ந்து பல ஆண்டுகள் முதலிடத்தில் இருந்தது. அதே பல்கலைக்கழகத்தைப் பொதுவான உலகத் தரவரிசைகளில் தேடினால் முதல் நூறு இடங்களுக்குள் கிடைக்காது. பிரான்சின் எச்.இ.சி. பாரிஸ் 1881-லிருந்து வணிகக் கல்வியை மட்டுமே நடத்தி வரும் தனிப்பள்ளி. மருத்துவமும் இயற்பியலும் இல்லாத அந்த நிறுவனத்துக்கு, எல்லாத் துறைகளையும் கூட்டிப் பார்க்கும் பட்டியல்களில் எப்படி இடம் கிடைக்கும்? இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபோர்டின் பெயர் பல நூற்றாண்டுப் பழமை உடையது என்றாலும், அதன் சயீத் வணிகப்பள்ளி 1996-இல்தான் தொடங்கியது. 1964-இல் தொடங்கிய லண்டன் வணிகப்பள்ளி, ஃபைனான்ஷியல் டைம்ஸின் எம்.பி.ஏ. தரவரிசையில் பெரும்பாலும் அதற்கு முன்னால்தான் நிற்கிறது. உறவினர் கூட்டத்தில் ஆக்ஸ்ஃபோர்டு என்று சொன்னால் கிடைக்கும் வியப்பு, லண்டன் வணிகப்பள்ளி என்று சொன்னால் கிடைக்காமல் போகலாம். ஆனால் வேலை கொடுப்பவர்கள் அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருப்பதில்லை.

பொதுவான பல்கலைக்கழகத் தரவரிசைகள் எவற்றை அளக்கின்றன என்பதைப் பெற்றோர்களும் மாணவர்களும் ஒருமுறையேனும் நிதானமாகப் படித்துப் பார்க்க வேண்டும். சீனாவிலிருந்து 2003 முதல் வெளிவரும் ஷாங்காய் உலகப் பல்கலைக்கழகத் தரவரிசையை எடுத்துக்கொள்வோம். முன்னாள் மாணவர்களும் ஆசிரியர்களும் பெற்ற நோபல் பரிசுகளுக்கும் கணிதத்துக்கான ஃபீல்ட்ஸ் பதக்கங்களுக்கும் அதில் 30 விழுக்காடு மதிப்பெண் உண்டு; நேச்சர், சயின்ஸ் ஆகிய இரண்டு அறிவியல் ஆய்விதழ்களில் வெளியாகும் கட்டுரைகளுக்கு 20 விழுக்காடு உண்டு. அறிவியல் ஆய்வின் தரத்தை அறிய விரும்புபவர்களுக்கு இது பயனுள்ள அளவுகோலாக இருக்கலாம். விநியோகச் சங்கிலி மேலாண்மையைப் படித்துவிட்டு ஒரு பெரிய உற்பத்தி நிறுவனத்தில் கொள்முதல் பிரிவில் சேர விரும்பும் மாணவருக்கு, அந்தப் பல்கலைக்கழகத்தின் வேதியியல் துறை எத்தனை நோபல் பரிசுகளைப் பெற்றிருக்கிறது என்பதால் என்ன பயன் விளையும் என்று எனக்குப் புரியவில்லை. பிரிட்டனின் கியூ.எஸ். நிறுவனம் வெளியிடும் உலகப் பல்கலைக்கழகத் தரவரிசையிலும் தனியொரு கூறாக மிகுந்த மதிப்பெண் பெறுவது உலகெங்கும் உள்ள கல்வியாளர்களிடம் எடுக்கப்படும் கருத்துக்கணிப்புதான். முன்பு 40 விழுக்காடாக இருந்த அதன் பங்கு இப்போது 30 விழுக்காடாக இருக்கிறது.

வணிகப் படிப்புகளுக்கென்று வெளியாகும் தரவரிசைகள் இவற்றைவிட நெருக்கமாக விஷயத்தைத் தொடுகின்றன. ஆனாலும் அவற்றை அப்படியே நம்பிவிட முடியாது. ஃபைனான்ஷியல் டைம்ஸ் 1999 முதல் வெளியிடும் எம்.பி.ஏ. தரவரிசை, படிப்பை முடித்து மூன்றாண்டுகள் ஆனவர்களிடம் ஊதியம் முதலிய விவரங்களைக் கேட்டுப் பெறுகிறது. ஊதியத்துக்கும் ஊதிய உயர்வுக்குமே அதில் மிகுந்த மதிப்பெண். அந்த ஊதியமும் ஒவ்வொரு நாட்டின் வாங்கும் திறனுக்கு (ஒரே தொகைக்கு அங்கே எவ்வளவு வாங்க முடியும் என்பதற்கு) ஏற்ப மாற்றிக் கணக்கிடப்பட்டது என்பதால், பட்டியலில் அச்சாகும் தொகையைக் கைக்கு வரும் சம்பளம் என்று எடுத்துக்கொள்வது தவறு. மேலும், மாணவர்களைப் பெரும்பாலும் முதலீட்டு வங்கிகளுக்கும் ஆலோசனை நிறுவனங்களுக்கும் அனுப்பும் பள்ளி, கற்பித்தல் எப்படி இருந்தாலும், இத்தகைய கணக்கில் மேலேறும் வாய்ப்பு அதிகம்.

தரவுகளைப் பள்ளிகளே தருகின்றன என்பதிலும் ஓர் ஆபத்து இருக்கிறது. அமெரிக்காவின் டெம்பிள் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஃபாக்ஸ் வணிகப்பள்ளி, யூ.எஸ். நியூஸ் நிறுவனத்தின் இணையவழி எம்.பி.ஏ. தரவரிசையில் நான்கு ஆண்டுகள் முதலிடம் பெற்றிருந்தது. சேர்ந்த மாணவர்கள் எல்லோரும் வணிகப்பள்ளிச் சேர்க்கைக்கான ஜிமேட் தேர்வு மதிப்பெண் அளித்தவர்கள் என்பது போன்ற பொய்த் தகவல்களை அப்பள்ளி கொடுத்திருந்தது 2018-இல் வெளிப்பட்டது. அதன் தலைவராக இருந்தவர் 2021-இல் மோசடிக் குற்றவாளி என்று தீர்ப்பளிக்கப்பட்டு, அடுத்த ஆண்டு சிறைத்தண்டனையும் பெற்றார். அந்த முதலிடத்தை நம்பிக் கடன் வாங்கிச் சேர்ந்த மாணவர்களை நினைக்கும்போது எனக்கு இன்றும் வருத்தமாக இருக்கிறது.

சரி, வேலைக்கு ஆள் எடுக்கும் இடத்தில் என்ன நடக்கிறது? பெரிய நிறுவனங்கள் எல்லா வளாகங்களுக்கும் போவதில்லை. ஒவ்வொரு பணிக்கும் எந்தெந்தப் படிப்புகளிலிருந்து ஆள் எடுப்பது என்று ஒரு சிறு பட்டியலை வைத்திருக்கின்றன. அப்பட்டியல் பெரும்பாலும் முந்தைய ஆண்டுகளில் எடுக்கப்பட்டவர்கள் எப்படி வேலை செய்தார்கள் என்பதைப் பொறுத்து உருவாகிறது. அதில் இடம்பெறுவது படிப்பின் பெயர்தானே தவிர, பல்கலைக்கழகத்தின் பெயர் அன்று. ஒரே வணிகப்பள்ளிக்குள்ளேயே இந்த வேறுபாடு இருக்கிறது என்பதைத்தான் மாணவர்கள் மிகவும் தாமதமாகத் தெரிந்துகொள்கிறார்கள். புகழ்பெற்ற எம்.பி.ஏ. படிப்பை நடத்தும் ஒரு பள்ளி, அண்மையில் தொடங்கிய ஓராண்டு முதுநிலைப் படிப்பையும் அதே கட்டடத்தில் நடத்தலாம், ஆனால் எம்.பி.ஏ. மாணவர்களைத் தேர்ந்தெடுக்க வரும் நிறுவனங்கள் அந்த ஓராண்டுப் படிப்பு மாணவர்களைச் சந்திக்காமலே திரும்பிச் செல்லக்கூடும். வேலைவாய்ப்பு அலுவலகமே இரண்டுக்கும் தனித்தனியாக இருக்கும் பள்ளிகளும் உண்டு. பள்ளியின் புகழைப் பார்த்துச் சேர்ந்த மாணவர், அந்தப் புகழை உண்டாக்கிய படிப்பில் தாம் சேரவில்லை என்பதை முதல் பருவத்தின் நடுவில்தான் உணர்கிறார். தொடர்கல்விப் பிரிவுகள், இணையவழிப் பிரிவுகள் ஆகியவற்றின் வழியாகப் பெரிய பல்கலைக்கழகங்கள் தரும் பட்டங்களிலும் இதையே பார்க்க வேண்டும். அவை தரமற்றவை என்று நான் சொல்லவில்லை. பட்டத்தை வழங்குவது பல்கலைக்கழகத்தின் எந்தப் பள்ளி என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே பணம் கட்ட வேண்டும் என்கிறேன்.

பொருளியல் அறிஞர் மைக்கேல் ஸ்பென்ஸ் 1973-இல் எழுதிய ஆய்வுக் கட்டுரை இங்கே நினைவுக்கு வருகிறது. பட்டம் என்பது கற்ற அறிவுக்குச் சான்று என்பதோடு, அதைப் பெற்றவர் எத்தகையவர் என்பதை முதலாளிக்குக் காட்டும் அடையாளமாகவும் இயங்குகிறது என்றும், எளிதில் எல்லோராலும் பெற முடியாததாக இருந்தால்தான் அந்த அடையாளத்துக்கு மதிப்பு என்றும் அவர் விளக்கினார். இந்தத் துறையில் செய்த பணிக்காக 2001-இல் நோபல் பரிசும் பெற்றார். இதை நம் கேள்வியோடு பொருத்திப் பார்த்தால் ஒன்று புலப்படும். ஒரு பல்கலைக்கழகத்தின் இளநிலைப் படிப்பில் இடம் பெறுவது மிக அரிது என்பதால் உண்டான புகழ், அதே பல்கலைக்கழகம் நூற்றுக்கணக்கானோரைத் தாராளமாகச் சேர்த்துக்கொள்ளும் ஒரு முதுநிலைப் படிப்புக்குத் தானாக வந்து சேராது. ஊராருக்கு அந்த வேறுபாடு தெரியாமல் இருக்கலாம். அத்துறையில் ஆள் எடுப்பவருக்குத் தெரியும். அவருடைய அன்றாட வேலையே அதுதான். சிறிய வகுப்பு, கடினமான சேர்க்கை, கணிதத்திலும் நிரலாக்கத்திலும் விட்டுக்கொடுக்காத பாடத்திட்டம் என்று பெயரெடுத்த படிப்பிலிருந்து ஒருவர் வந்தால், அவருடைய விண்ணப்பத்தை நாங்கள் பல்கலைக்கழகப் பெயரைப் பாராமலே எடுத்து வைத்தோம்.

இனி எம்.பி.ஏ. பற்றி. இங்கே பள்ளியின் பெயரும் படிப்பின் பெயரும் பெரும்பாலும் ஒன்றுதான். அமெரிக்காவின் வார்ட்டன் வணிகப்பள்ளி என்றால் எம்.பி.ஏ. நினைவுக்கு வருகிறது, அது பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது என்பதையே பலர் அறிவதில்லை, அறிந்தவர்களிலும் அதைப் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தோடு குழப்பிக்கொள்பவர்கள் உண்டு. பிரான்சில் தொடங்கிய இன்சியாட் வணிகப்பள்ளி எந்தப் பல்கலைக்கழகத்தையும் சேராமல் 1957 முதல் தன் பெயரிலேயே நிற்கிறது. எம்.பி.ஏ. மாணவர்கள் செய்யும் தவறு வேறு வகையானது. சந்தைப்படுத்தலில் மூன்றாவது இடம், கணக்கியலில் ஐந்தாவது இடம் என்று வெளியாகும் சிறப்புப்பாடத் தரவரிசையைப் பார்த்து, மொத்தத்தில் வலுவான பள்ளியை விட்டுவிட்டு வலுவற்ற பள்ளியைத் தேர்ந்தெடுப்பவர்கள் இருக்கிறார்கள். யூ.எஸ். நியூஸ் வெளியிடும் இத்தகைய சிறப்புப்பாடத் தரவரிசைகள், வணிகப்பள்ளித் தலைவர்களும் எம்.பி.ஏ. இயக்குநர்களும் ஒருவர் பள்ளியைப் பற்றி மற்றவர் அளிக்கும் மதிப்பீட்டை மட்டுமே கொண்டு தயாரிக்கப்படுகின்றன. எம்.பி.ஏ. பட்டம் ஒரே சிறப்புப்பாடத்துக்காகப் படிக்கப்படுவதும் அன்று. படிப்பின் நடுவே மனம் மாறி வேறு துறைக்குச் செல்பவர்கள் ஏராளம். ஆகவே எம்.பி.ஏ.யில் பள்ளியின் மொத்த வலிமையையே பார்க்க வேண்டும். தொழில்முனைவுக்குப் பல பத்தாண்டுகளாகத் தனிப்பெயர் பெற்றிருக்கும் அமெரிக்காவின் பாப்சன் கல்லூரி போன்ற சில இடங்கள் இதற்கு விலக்கு: சொந்தத் தொழில் தொடங்குவதையே நோக்கமாகக் கொண்டவருக்கு அங்கே கிடைக்கும் சூழல், பட்டியலில் அதற்கு மேலே நிற்கும் பல பள்ளிகளில் கிடைக்காமல் போகலாம்.

பல்கலைக்கழகத்தின் பொதுப்பெயருக்கும் உரிய மதிப்பு உண்டு. அதை மறுப்பது நேர்மையாகாது. எந்தத் துறையில் வேலை செய்யப் போகிறோம் என்று முடிவு செய்யாதவருக்குப் பொதுப்பெயர் பாதுகாப்பானது. ஏனெனில் துறைக்குள் மட்டும் ஒலிக்கும் பெயர், துறையை விட்டு வெளியேறினால் ஒலிக்காது. படித்த நாட்டில் தங்காமல் வேறொரு கண்டத்துக்குச் சென்று வேலை தேடுபவருக்கும் இது பொருந்தும். ஒரு நகரத்தின் நிதிச்சந்தையில் கொண்டாடப்படும் படிப்பை மற்றொரு நாட்டின் ஆள் தேர்வு அலுவலர் கேள்விப்பட்டிருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பதினைந்து, இருபது ஆண்டு அனுபவத்துக்குப் பிறகு, ஒருவர் எந்தப் படிப்பைப் படித்தார் என்பது மறந்துபோய்ப் பல்கலைக்கழகத்தின் பெயர் மட்டுமே அவருடைய அறிமுகக் குறிப்பில் எஞ்சியிருக்கும். இவை உண்மையான நன்மைகள். ஆனால் முதல் வேலை சரியாக அமையாதவருக்கு, இருபது ஆண்டுகள் கழித்து வரும் நன்மை போதிய ஆறுதல் ஆகாது. கல்விக்கடனின் தவணையும் அதுவரை காத்திருக்காது.

குடியேற்றச் சட்டங்களும் இந்தத் தேர்வில் குறுக்கிடுகின்றன. அதுவும் எதிரெதிர்த் திசைகளில். அமெரிக்காவில் பட்டம் பெறும் வெளிநாட்டு மாணவர் 12 மாதங்கள் பணிப்பயிற்சி பெறலாம். அவருடைய படிப்பு அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம் என்ற வகைப்பாட்டில் அரசு ஏற்றுக்கொண்ட குறியீட்டின்கீழ் வந்தால், 2016-இல் நடைமுறைக்கு வந்த விதியின்படி மேலும் 24 மாதங்கள் கிடைக்கும். இதில் முக்கியமானது படிப்பின் குறியீடு. பல்கலைக்கழகம் எவ்வளவு புகழ் பெற்றதாக இருந்தாலும், அக்குறியீடு இல்லாத படிப்பைக் கொண்டு அந்த நீட்டிப்பைப் பெற முடியாது. வெளிநாட்டுப் பல்கலைக்கழகப் பட்டதாரிகள் பிரிட்டனுக்கு வந்து வேலை செய்ய 2022 மே மாதத்தில் அந்நாடு தொடங்கிய உயர்திறன் தனிநபர் விசாவோ இதற்கு நேர்மாறானது. பிரிட்டனுக்கு வெளியே உள்ள பல்கலைக்கழகங்களைப் பொதுவான உலகத் தரவரிசைகளின் அடிப்படையில் தேர்ந்தெடுத்து அந்த விசாவுக்கான பட்டியல் தயாரிக்கப்படுகிறது. அதனால் வணிகத்தை மட்டுமே கற்பிக்கும் தலைசிறந்த தனிப்பள்ளிகளுக்குக்கூட அந்த முறையில் இடம் கிடைப்பது அரிதாகிறது. இவ்விதிகள் மாறக்கூடியவை. சேரும் ஆண்டின் விதியை மாணவர் அரசின் அதிகாரபூர்வ அறிவிப்பில் பார்த்துக்கொள்வதே சரி. முகவர்கள் சொல்வதை நம்பி முடிவெடுக்கக் கூடாது.

அப்படியானால் துறைக்குள் ஒரு படிப்புக்கு இருக்கும் பெயரை வெளியில் இருக்கும் மாணவர் எப்படித் தெரிந்துகொள்வது? வேலைவாய்ப்பு அறிக்கையில்தான் பெரும்பகுதி விடை இருக்கிறது. அதையும் எச்சரிக்கையோடு படிக்க வேண்டும். தொண்ணூற்றைந்து விழுக்காட்டினர் வேலை பெற்றனர் என்று ஓர் அறிக்கை சொன்னால், அது மொத்த மாணவர்களில் தொண்ணூற்றைந்து விழுக்காடு என்று பொருளாகாது. வேலை தேடாதவர்கள், முன்னிருந்த நிறுவனத்துக்கே திரும்புபவர்கள், சொந்தத் தொழில் தொடங்குபவர்கள், விவரம் தராதவர்கள் ஆகியோரை நீக்கிய பிறகு எஞ்சுபவர்களில்தான் அந்தக் கணக்கு போடப்படுகிறது. நீக்கப்பட்டவர்கள் எத்தனை பேர் என்று பார்த்தால் பல அறிக்கைகளின் நிறம் மாறிவிடும். பட்டம் பெற்ற நாளில் வேலை இருந்தவர்கள் எத்தனை பேர், மூன்று மாதங்களுக்குப் பிறகு எத்தனை பேர் என்பவற்றைப் பிரித்துக் காட்டாத அறிக்கையை நான் பெரிதாக மதிக்க மாட்டேன். சராசரி ஊதியத்தைவிட இடைநிலை ஊதியத்தை (எல்லோருடைய ஊதியத்தையும் வரிசைப்படுத்தினால் நடுவில் வருவதை) பார்ப்பது நல்லது. ஒன்றிரண்டு பேருக்குக் கிடைத்த மிகப் பெரிய சம்பளம் சராசரியை மேலே தூக்கிவிடும். ஆனால் எல்லாவற்றையும்விட முக்கியமானது, வேலை கொடுத்த நிறுவனங்களின் பெயர்களும் என்ன பணிக்கு எடுத்தார்கள் என்பதும்தான். ஒரு பெரிய வங்கியின் பெயர் அறிக்கையில் இருக்கிறது என்று மகிழ்வதற்கு முன், அங்கே முதலீட்டுப் பிரிவில் எடுத்தார்களா, வாடிக்கையாளர் சேவைப் பிரிவில் எடுத்தார்களா என்று கேட்க வேண்டும்.

அறிக்கையே வெளியிடாத படிப்புகளும் இருக்கின்றன. அத்தகைய இடத்தில், கடந்த மூன்று ஆண்டுகளில் அங்கே படித்தவர்கள் இப்போது எங்கே வேலை செய்கிறார்கள் என்பதை லிங்க்ட்இன் தளத்தில் பொறுமையாகத் தேடிப் பார்க்கலாம். அவர்களில் தம்மைப் போலவே வெளிநாட்டிலிருந்து சென்று, தம்மைப் போன்ற முன்னனுபவத்தோடு சேர்ந்தவர்களைக் கண்டுபிடித்து எழுதிக் கேட்கலாம். முன்னாள் மாணவர்கள் பலர் விடை எழுதுகிறார்கள் என்பது என் அனுபவம். படிப்பின் விளம்பரக் கையேட்டில் சிரித்துக்கொண்டு நிற்கும் மாணவரைவிட, வேலை கிடைக்க எட்டு மாதங்கள் அலைந்த ஒருவர் சொல்லும் செய்தி பயனுள்ளதாக இருக்கும். வணிகப்பள்ளிகளின் தரத்தை ஆராய்ந்து வழங்கப்படும் ஏ.ஏ.சி.எஸ்.பி., ஈக்விஸ், ஆம்பா ஆகிய அங்கீகாரங்களைப் பற்றியும் கேட்கிறார்கள். அவை தேவையான அடிப்படைத் தகுதிகள்தாம். ஆனால் உலகெங்கும் நூற்றுக்கணக்கான பள்ளிகள் அவற்றைப் பெற்றிருப்பதால், இரண்டு நல்ல இடங்களுக்கு இடையே தேர்ந்தெடுக்க அவை உதவா.

உதவித்தொகை பற்றி ஒரு வார்த்தை. துறையில் பெயர் பெற்ற படிப்பு பாதிக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்ய முன்வரும்போது, முழுக் கட்டணமும் கடனாக வாங்கிப் பொதுப்புகழ் பெற்ற பல்கலைக்கழகத்துக்குச் செல்வதை நான் ஆதரிக்க மாட்டேன். கடன் சுமை மாணவரின் முதல் வேலைத் தேர்வையே மாற்றிவிடும். விரும்பிய வேலையை விட்டுவிட்டுச் சம்பளம் அதிகமான வேலையை ஏற்க வேண்டிய நெருக்கடியில் நல்ல திறமைசாலிகள் பலர் சிக்கியதைப் பார்த்திருக்கிறேன்.

தங்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. இனி உலகத் தரவரிசைப் பட்டியலைக் கல்விப் பக்கத்தில் வெளியிடும்போது, அப்பட்டியல் எந்தக் கூறுக்கு எத்தனை விழுக்காடு மதிப்பெண் அளிக்கிறது என்ற விவரத்தையும் அதன் அருகிலேயே அச்சிட வேண்டுகிறேன். வணிக முதுநிலைப் படிப்புகளைப் பற்றிய சிறப்புப் பக்கம் வெளிவரும்போது, எம்.பி.ஏ.யையும் ஒரு துறைக்குரிய முதுநிலைப் படிப்புகளையும் ஒரே அட்டவணையில் கலக்காமல் பிரித்துத் தாருங்கள். வேலைவாய்ப்பு அறிக்கையைப் பொதுவில் வெளியிடும் படிப்பு எது, வெளியிடாதது எது என்ற ஒரு பத்தியையும் அதில் சேருங்கள். விளம்பரமாக வரும் பக்கத்தையும் செய்தியாக வரும் பக்கத்தையும் வாசகர் ஒரே பார்வையில் வேறுபடுத்திக் காணும்படி அச்சிட்டால், கடன் பத்திரத்தில் கையெழுத்திடப் போகும் குடும்பங்களுக்குப் பேருதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
ஓய்வு பெற்ற மனிதவள அலுவலர்